தாவீதின் பைப் ஆல்பம்

விலை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்காமலே நான்காவது கூட்டமும் படியிறங்கிப் போய்விட்டது.

தாவீது மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தார். இறங்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள் அஷ்வத், ஷாலினி என்று ஓர் இளம் ஜோடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, விரலை மடக்கிச் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தலையாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள். எப்படித் தட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் தாவீதுதான். ஒன்றரை மணி நேரம் கற்றுக்கொடுத்திருந்தார்.

"மேரி, இவங்களும் போயிட்டாவ."

"நல்லாத்தான பாத்தாவ," என்றாள் லூர்து மேரி சமையலறையிலிருந்து. "அந்தப் பிள்ளை நோட்டுல எழுதிக்கூட வச்சுக்கிட்டா."

"எழுதுனா? விலை கேக்கலியே."

"காப்பி ஆறுது. வாங்க."

தாவீதுக்கு அறுபத்திரண்டு வயது. மும்பை டிராம்பேயில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் முப்பத்து நான்கு வருஷம் பைப் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். ஜாயின்டை ஒழுங்காக இறுக்குகிறவர்கள், இறுக்காதவர்கள்.

ஓய்வு பெற்ற மறுமாதமே அவர் தம் செம்பூர் வீட்டைக் கையில் எடுத்தார். சுவரில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது. வேறு யாராவது என்றால் மேலே பூசிவிட்டுப் போயிருப்பார்கள். தாவீது, ஏன் உதிர்ந்தது என்று சுவரைப் பிளந்து பார்த்தார். உள்ளே கட்டடம் கட்டிய காலத்து இரும்புக் குழாய்கள் துருவேறிக் கிடந்தன. எல்லாவற்றையும் உருவி எடுத்துப் புதுக் குழாய் போட்டார். ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி வால்வு வைத்தார். வயரிங் முழுவதையும் மாற்றினார். குளியலறை, சமையலறைத் தரைகளைக் கொத்தி எடுத்து, தண்ணீர் இறங்காதபடி அடியில் பூச்சு கொடுத்து, மூன்று நாள் தண்ணீர் கட்டி நிறுத்தினார். கீழ்வீட்டு வெங்கடராமன் அந்த மூன்று நாளும் காலை, மதியம், மாலை தம் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து, கசிவு இல்லை என்று வந்து சொல்ல வேண்டியிருந்தது. நான்காம் நாள் அவருக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது.

பிறகு சுவரை மூடி, வெள்ளை அடித்தார். தரையில் பழைய மொசைக் நன்றாகத்தான் இருந்தது. அதை ஏன் மாற்ற வேண்டும் என்று அப்படியே விட்டார். மொத்தம் பதினான்கு மாதம் ஆயிற்று. வேலை முடிந்தபின் பார்க்க வந்த உறவினர்கள், "எப்ப வேலை ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஆல்பம் பிறந்தது. சுவரை மூடுவதற்கு முன் எடுத்த நூற்றுப் பன்னிரண்டு படங்கள். எல்லாம் பைப், ஜாயின்ட், வளைவு, வால்வு. கல்யாண ஆல்பம் போடுகிற கடையில் கொடுத்து, கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள் என்று செய்து வாங்கி வந்திருந்தார்.

"நம்ம கல்யாணத்துக்கே எம்பது போட்டோதான்," என்றாள் மேரி. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த ஆல்பத்தை முதலில் எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

இப்படிப்பட்ட வீட்டை விற்கும் யோசனை தாவீதுக்கு வந்ததற்குக் காரணம் முதல் மாடி வீடு.

அதை ஒரு டீலர் வாங்கினான். நாற்பதே நாள். பெயின்ட், பளபள டைல்ஸ், கூரைக்கு அடியில் இன்னொரு கூரை, அதில் வரிசையாக விளக்கு. நாற்பத்தேழாவது நாள் வேறு குடும்பம் குடிவந்துவிட்டது. ஜூன் மாத முதல் மழையில் வெளிச்சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கி, அந்த வீட்டு அம்மா ஹாலில் மூன்று பக்கெட் வைத்தாள்.

"அது வீடு இல்ல மேரி. மேக்கப்பு," என்றார் தாவீது. "அதுவே ஒரு வாரத்துல போச்சுன்னா, நம்ம வீடு ஒரு மணி நேரத்துல போகும். பேசாம வித்துட்டுச் சான்பாடா போயிருவோம். ஏஞ்சலோ பக்கத்துலயே இருக்கலாம். லிஃப்ட் உள்ள கட்டடம்."

ஏஞ்சலோ அவர்கள் மகன். நவி மும்பைச் சான்பாடாவில் மனைவி சுனிதாவோடு இருக்கிறான்.

"எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம் இருக்கு," என்றாள் மேரி. "இங்கேன்னா ஆபீசுக்குப் பத்து நிமிஷ நடை."

"மூணு வருஷம் சட்டுனு போயிரும்."

மேரி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் ஒரு கூட்டுறவு வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தாள். தாவீதுக்கு அடுத்த யோசனை அங்கிருந்துதான் வந்தது.

"வீடு தேடுத சனம் பூரா உன் மேஜைக்குத்தான வருது. நீயே அனுப்பு. புரோக்கர்னா வாசல்ல நின்னு ஸ்கொயர் ஃபீட் சொல்லுவான். பைப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்."

மேரி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "சரிங்க, அனுப்புதேன்," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள். ஆல்பத்தைப் பொறுமையாகப் பார்த்தார்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, ஷவரில் வேகம் குறைகிறதா என்று பார்க்கச் சொன்னால் பார்த்தார்கள். சுவிட்சுப் பலகையைக் கழற்றிக் காட்டினால் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சந்தேகம் கேட்டார்கள். நன்றி சொன்னார்கள். போய்விட்டார்கள்.

தாவீது பிச்சையாவுக்கு போன் செய்தார்.

பிச்சையா தாராவியில் இருக்கிறவன். சொந்த ஊர் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம். பெயின்டிங், பாலிஷ், சீலிங் எல்லாம் எடுத்துச் செய்வான். முதல் மாடி வீட்டைப் பளபளப்பாக்கியது அவனுடைய ஆட்கள்தான். வந்து ஹாலின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தான்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கப்படாது. இது விக்கப்போற வீடு மாதிரியே இல்ல."

"பின்ன?"

"பரீட்சை எழுதுத ஹாலு மாதிரி இருக்கு."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"உள்ள எவன் பாக்கான்? முதல் மாடி வீட்டுல ஒரு சுவரு பூரா ஓதம், ஈரம் ஊறிக் கிடந்துது. நான் என்ன செஞ்சேன், மேல பிளைவுட்ட அடிச்சுத் தங்கக் கலரைப் பூசுனேன். வாங்க வந்த அம்மா அந்தச் சுவரு முன்னால நின்னுல்லா போட்டோ எடுத்தாவ."

"அது பாவம்லா, பிச்சையா."

"பாவம்தான். ஆனா ஒரு வாரத்துல கை மாறிட்டு பாத்தேளா."

தாவீது இரண்டு நாள் தம் மனசாட்சியோடு பேச்சுவார்த்தை நடத்தினார். அடியில் ஓதம் இருந்தால்தானே பாவம்? இது நல்ல சுவர். நல்ல சுவருக்கு நல்ல சட்டை. ஒரே ஒரு சுவர் மட்டும் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மேரி வேலை முடிந்து வந்தபோது ஹாலின் கிழக்குச் சுவர் தங்கநிறத்தில் சொரசொரவென்று மின்னியது. அவள் கைப்பையைக் கீழே வைக்காமலே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நம்ம பழைய சுவருதான். நல்ல சுவரு."

"பின்ன எதுக்கு மறைச்சிய?"

தாவீது பெயின்ட் டப்பாவை மூடினார். "நாளைக்கு யாராவது வாராவளா?" என்று கேட்டார்.

"ஒரு பிள்ளை வருது. நுஸ்ரத்துன்னு. அவ அம்மையும் வாராவ."

நுஸ்ரத் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

"அங்கிள், புது பெயின்ட் வாசனை."

"ஆமாம்மா. நேத்துதான் அடிச்சது."

"ஒரு சுவருக்கு மட்டுமா?"

"ஆமா."

நுஸ்ரத் தன் தாயைப் பார்த்தாள். தாய் பெயர் பீவி. அந்த அம்மாள் சுவரருகில் போய் உள்ளங்கையை முழுசாக வைத்து அழுத்தி எடுத்தார். கை தங்கமாயிருந்தது.

"ஈரம் இருக்கே," என்றார்.

"அது பெயின்டும்மா. காயல."

"அப்படித்தான் சொல்லுவாங்கன்னு சொன்னாங்க," என்றாள் நுஸ்ரத் மிகவும் பணிவாக. "மேரி ஆன்ட்டி எங்ககிட்ட வெள்ளைச் சுவர்னுதான் சொல்லியிருந்தாங்க. ஒரு சுவர் மட்டும் புதுசா இருந்தா அந்தச் சுவரைத்தான் சந்தேகப்படணும், கரெக்டா அங்கிள்?"

கரெக்ட்தான். வந்தவர்களுக்கெல்லாம் அவர் வாயால் சொன்ன வாக்கியம் அது. முப்பத்து நான்கு வருஷத்தில் தாவீதின் வேலையை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. எண்ணெய் ஆலைக்கே அவர் மேல் நம்பிக்கை இருந்தது. இப்போது தம் சொந்த ஹாலில் நின்று ஓதக் குற்றச்சாட்டைக் கேட்கிறார்.

அவர் உள்ளே போய்ச் சுரண்டும் தகட்டை எடுத்து வந்தார். தங்கச் சுவரில் ஒரு தட்டு அளவுக்குச் சுரண்டினார்.

"தொட்டுப் பாருங்க. காஞ்ச சுவரு."

நுஸ்ரத் தொட்டாள். "இந்த இடம் ஓக்கே. அந்த மூலை?"

மூலையைச் சுரண்டினார்.

"ஜன்னலுக்குக் கீழ?" என்றார் பீவி. "தண்ணி அங்கதான் இறங்கும்."

"உங்க அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு," என்று தாவீது ஜன்னலுக்குக் கீழேயும் சுரண்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து, சுவர் மொட்டையடித்துப் பாதியில் விட்ட தலை மாதிரி ஆகியிருந்தது. தாயும் மகளும் முழுத் திருப்தியோடு எழுந்தார்கள். பீவி அவர் கைகளைப் பிடித்து, அல்லா உங்களை நல்லா வைக்கட்டும் என்றார். விலையை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் பிச்சையா சுவரைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு கோட்டு அண்ணாச்சி."

"இனி அதைச் சரி பண்ண வேண்டாம். எல்லாரும் சுவரைத்தான் பாக்காவ."

"அப்ப சுவரைப் பாக்க விடப்படாது," என்றான் பிச்சையா. எழுந்து, கூரையைப் பார்த்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "கண்ணு மேல போணும்."

வியாழக்கிழமைக்குள் ஹாலில் ஃபால்ஸ் சீலிங் வந்துவிட்டது. நடுவில் வட்டம், வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், சுற்றிலும் பன்னிரண்டு விளக்குகள். சுவிட்சைப் போட்டால் நீலம், மறுபடி போட்டால் மஞ்சள். மேரி நீலத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். வெண்டைக்காய் நீலமாக இருந்தது.

"ஏங்க, நல்லாருந்த வீட்டை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "அந்த அஷ்வத்தும் அவன் பொண்டாட்டியும் நாளைக்கு மறுபடியும் வாராவ. ஏதோ சந்தேகமாம்."

"ரெண்டாவது தடவையா?" தாவீது நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப முடிஞ்சுது மேரி. ரெண்டாவது தடவை வாரவன் வாங்காம போக மாட்டான்."

அஷ்வத்தும் ஷாலினியும் வந்தார்கள். கையில் அதே நோட்டு.

"சார், ஒரு டவுட்," என்றான் அஷ்வத். "பாத்ரூம் தரை, ஹாலை விட ஒரு இஞ்ச் உசரமா இருந்தா என்ன அர்த்தம்? கதவுக்கு அடியில அறுத்துவிட்டிருந்தாங்கன்னா?"

"பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸை ஒட்டியிருக்கான்னு அர்த்தம். அடியில உள்ள ஓட்டை ஓட்டையாவேதான் இருக்கும். ஆனா தம்பி, நம்ம வீட்டுல அப்படி இல்லியே. வாங்க, காட்டுதேன்."

"இல்ல சார், இங்க இல்ல. பொதுவாக் கேட்டேன்."

ஷாலினி அதைக் கேட்டுக்கொண்டே தலையைத் தூக்கினாள். நீல வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. நோட்டைத் திருப்பினாள்.

"சார், இது போன தடவை இல்லியே."

"புதுசு. எப்படி இருக்கு?"

"அழகா இருக்கு," என்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது. "ஆனா நீங்கதான் சார் சொன்னீங்க. பதினோராவது பாயின்ட். ஃபால்ஸ் சீலிங் இருந்தா ஒரு விளக்கையாவது கழட்டி, மேல என்ன இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாக்காம டோக்கன் அட்வான்ஸ் குடுக்காதீங்கன்னு."

தாவீதுக்கு ஒரு கணம் அந்தப் பதினோராவது பாயின்ட்டை யார் சொன்னது என்று கோபம் வந்தது. பிறகு, தாம் சொன்னது நியாயம்தான் என்று பட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஒரு விளக்கைத் திருகினார். வரவில்லை. கொஞ்சம் இழுத்தார். அவர் பழகிய உலகத்தில் எல்லாம் இரும்பு. இழுத்தால் வராது, இன்னும் இழுக்க வேண்டும். இது பிச்சையா அவசரத்தில் ஒட்டிய ஜிப்சம்.

விளக்கோடு நடு வட்டம் வந்தது. நடு வட்டத்தோடு வெளி வட்டத்தில் பாதியும் வந்தது.

தூசி அடங்கியபோது மூன்று பேரும் மாவில் புரட்டி எடுத்தது போல நின்றார்கள். ஷாலினிதான் முதலில் அண்ணாந்து பார்த்தாள்.

"சார், ஒரிஜினல் கூரை சூப்பரா இருக்கு. ஒரு கறை இல்ல, ஒரு விரிசல் இல்ல."

"அதைத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் தாவீது, ஸ்டூலின் மேல் நின்றபடி இருமிக்கொண்டே.

இருவரும் நல்ல பிள்ளைகள். துடைப்பம் வாங்கிப் பெருக்கிக் கொடுத்து, தண்ணீர் குடித்து, அவரையும் குடிக்க வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கும்வரை தாவீது விலையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மறைப்பு வேலை தமக்கு ஒத்துவராது. தம் வீட்டின் பெருமை சுவருக்கு உள்ளே இருக்கிறது. சனங்களுக்கு அது தெரிய வேண்டுமென்றால், உள்ளே பார்க்க வழி செய்ய வேண்டும்.

மறுநாள் காலையில் உளியையும் சுத்தியலையும் எடுத்தார். சமையலறைச் சுவரில், சூடு தண்ணீர்க் குழாயும் பச்சைத் தண்ணீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் வளைந்து திரும்புகிற இடத்தில், ஒரு முழ அகலத்துக்குச் சதுரமாக வெட்டினார். உள்ளே தூசி தட்டி, துடைத்து, ஒரு சின்ன பல்பு வைத்தார். முன்னால் கண்ணாடி. அவருடைய ஜாயின்ட்டுகள் உள்ளே குளித்துவிட்டு நிற்கிற பிள்ளைகள் மாதிரி பளிச்சென்று நின்றன.

மேரி வந்து பார்த்தாள்.

"கோயில்ல மாதாவ வச்சிருக்க கெபி மாதிரி இருக்குங்க," என்றாள்.

அவள் கேலி செய்கிறாளா என்று தாவீது திரும்பிப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை. அவள் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு ஆறு பேர் ஒன்றாக வந்தார்கள். ஒரே நாளில் ஆறு பேர் என்பது தாவீதுக்குப் புதுத் தெம்பைக் கொடுத்தது. ஆல்பம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. சமையலறைக்கு வந்ததும் எல்லோரும் கண்ணாடிக்கு முன் அமைதியாக நின்றார்கள். கிளாரா என்று ஓர் அம்மாள், மாதா சுரூபம் என்று நினைத்துச் சிலுவை போட்டுவிட்டு, அருகில் போய்ப் பார்த்து, ஒன்றும் நடக்காதது போலச் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

கண்ணாடிச் சட்டம் ஒரு மூலையில் லேசாக ஆடியது. தாவீதின் கண் அதில் விழுந்துவிட்டது. ஆறு பேர் பார்க்க, ஆடுகிற சட்டத்தை விட்டுவைக்க அவரால் முடியாது.

"ஒரு நிமிஷம்," என்று டிரில்லை எடுத்து நாலாவது திருகுக்குத் துளை போட்டார்.

அந்தத் துளை சுவரைத் தாண்டி நேரே பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள் போயிற்று.

தண்ணீர் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சி அடித்தது. முதலில் தாவீதின் மூக்குக் கண்ணாடி போயிற்று. பிறகு ஆல்பம் வைத்திருந்தவர் ஆல்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு கசிவு. வைத்தவர் அவரே.

பத்து விநாடி தாவீது அப்படியே நின்றார். அவர் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து விநாடி இருந்ததில்லை. பிறகு, முப்பத்து நான்கு வருஷம் அவர் கைகளுக்கு வந்துவிட்டது. குனிந்து, 'சமையல் - பச்சை' என்று எழுதியிருந்த வால்வைக் கால் திருகு திருகினார். தண்ணீர் நின்றது.

"பாத்தியளா," என்றார், முகத்தைத் துடைக்காமலே. "ஒவ்வொரு லைனுக்கும் தனி வால்வு இருந்தா, இங்க நிறுத்துனாலும் குளியலறைல தண்ணி வரும். யாராவது போய்த் திறந்து பாருங்க."

ஒருவர் போய்த் திறந்தார். வந்தது.

தாவீது சுவரை இன்னும் கொஞ்சம் உடைத்தார். துளைபட்ட துண்டை அறுத்து எடுத்தார். புது இணைப்பை வைத்து இருபுறமும் இறுக்கினார். இறுக்கும்போதே, எவ்வளவு இறுக்க வேண்டும், எதற்கு மேல் இறுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எட்டு நிமிஷத்தில் வால்வைத் திறந்தார். இணைப்பின் அடியில் ஒரு காய்ந்த காகிதத்தைப் பிடித்தார். காகிதம் நனையவில்லை. ஆறு பேரும் கை தட்டினார்கள். இரண்டு பேர் போனில் படம் எடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சமையலறை முழுவதும் தண்ணீர் தேங்கி நின்றது.

வாசலில் மணி அடித்தது. கீழ்வீட்டு வெங்கடராமன்.

தாவீது அவர் முகத்தையே பார்த்தார்.

"என்ன சார், மேல ஒரே கைத்தட்டலா இருக்கே," என்றார் வெங்கடராமன். "ஏதாவது விசேஷமா?"

"உங்க சமையக்கட்டுல தண்ணி சொட்டுதா சார்?"

"தண்ணியா? நான் இப்போ அங்கேருந்துதானே வரேன். சொட்டலையே."

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் எல்லோரும் படியிறங்கி வெங்கடராமன் வீட்டுச் சமையலறையில் வட்டமாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கூரை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. ஒருவர் ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, கையால் தொட்டுப் பார்த்தார்.

"சுக்கா இருக்கு," என்று கீழே பார்த்து அறிவித்தார்.

நனைந்த பேன்ட்டோடு கடைசியாக இறங்கி வந்த தாவீது, கதவருகில் நின்று அந்தக் கூரையைப் பார்த்தார். பதினான்கு மாதம் அவர் செய்ததெல்லாம் தம் வீட்டில் நின்று பார்த்தால் தெரியாது. இங்கே நின்றால் தெரிந்தது. பிறகு திரும்பி மேலே ஏறிப் போனார்.

ஆறு பேரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். விலை கேட்கவில்லை.

அவர்கள் போனபின், சுரண்டிய தங்கச் சுவருக்கும் பாதி தொங்குகிற கூரைக்கும் நடுவில் தாவீது உட்கார்ந்திருந்தார். மேரி டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"மேரி, நான் விக்கல."

"என்னது?"

"இந்த வீட்டை விக்கல. எவன் வந்து கேட்டாலும் கிடையாது. இப்படி ஒரு வீட்டைக் கட்டிக் குடுத்துட்டு, சான்பாடால எவனோ பூசி வச்சதுக்குள்ள போய் உக்காரணுமா நான்?"

"லிஃப்ட் இல்லியேங்க."

"என் முட்டிக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கு."

"ஏஞ்சலோ?"

"ட்ரெயின் ஓடுதுல்லா. ஞாயித்துக்கிழமை ஏறி வரட்டும்."

"உங்க இஷ்டம்," என்றாள் மேரி. டீ டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் தேங்கிய தண்ணீரை அவள் வழித்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. கூடவே ஒரு கோயில் பாட்டை முணுமுணுக்கிற சத்தமும்.

அடுத்த வாரம் முழுக்க தாவீதுக்கு வேலை இருந்தது. தொங்கிய சீலிங்கை இறக்கினார். கிழக்குச் சுவரை முழுவதும் சுரண்டி, மறுபடி வெள்ளை அடித்தார். பிச்சையாவே வந்து கூட நின்று அடித்துக் கொடுத்தான். சமையலறைச் சதுரத்தை மட்டும் மூடவில்லை. கண்ணாடியை, இந்தத் தடவை அளந்து துளை போட்டு, ஆடாமல் பொருத்தினார்.

சனிக்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. நுஸ்ரத்தும் பீவியும். கையில் பெரிய இனிப்புப் பெட்டி.

"அங்கிள், எங்களுக்கு வீடு முடிவாயிருச்சு," என்றாள் நுஸ்ரத் வாசலிலேயே. "செம்பூர்லதான், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். மூணு வீட்டை வேண்டாம்னு சொல்லிட்டேன். மூணும் பெயின்ட்தான், உள்ள ஒண்ணுமில்ல. அம்மா கையை வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க. நாலாவது வீட்டுக்காரர், நான் கேக்குறதுக்கு முன்னாடியே மெயின் வால்வு எங்க இருக்குன்னு காட்டினாரு. அங்கேயே சரின்னுட்டேன்."

"ரொம்பச் சந்தோஷம்மா," என்றார் தாவீது. சந்தோஷம்தான். இருந்தாலும் ஓர் ஓரத்தில் சுருக்கென்றது. அதையும் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. "எங்க வீட்டை உங்களுக்குப் பிடிக்காமப் போச்சேன்னு எனக்கு ஒரு வருத்தம் இருந்துச்சு. அந்தத் தங்கச் சுவரு என் தப்பு. இப்ப ஒண்ணுமில்ல. நான் வீட்டை விக்கிறதையே விட்டுட்டேன்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"விக்கிறதா?" என்றாள் நுஸ்ரத். "லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஆன்ட்டி எங்க எல்லாரையும் இங்க அனுப்புறதே, 'நல்ல வீடு எப்படி இருக்கும்னு என் வீட்டுக்காரர்கிட்டப் போய்ப் படிச்சிட்டு வாங்க'ன்னுதானே, அங்கிள்."